ஜோடி மீன் வேண்டாம் மக்களே: எட்டடித் தொட்டிக்கு ஒரு எதிர் ஓட்டு

மக்களே, ஹாபி கிளப் குரூப்பில் ஒரு போல் ஓடிக்கிட்டு இருக்கு, பார்த்திருப்பீங்க. லைப்ரரி வாசலில் எட்டடி நீளத்துக்கு ஒரு கடல் மீன் தொட்டி வரப்போகுது. முன்னாள் மாணவர்கள் காசு கொடுத்திருக்காங்க, நல்ல விஷயம். அதுல என்ன மீன் விடுறதுன்னு நம்மகிட்ட கேட்டிருக்காங்க, அது இன்னும் நல்ல விஷயம். இதை நான் டைப் பண்ற நேரத்துல முன்னணியில் இருக்கிறது மூணாவது ஆப்ஷன்: "ட்ரிகர் ஃபிஷ், ஆண் ஒண்ணு பெண் ஒண்ணு, ஜோடி." கீழ ஒரே ஹார்ட் மழை. "கப்பிள் கோல்ஸ்"னு ஒருத்தர். "எட்டடி ப்ரோ, தாராளமா இருக்கலாம்"னு இன்னொருத்தர்.

நான் அதுக்கு எதிரா ஓட்டுப் போட்டேன். ஏன்னு குரூப்பில் நாலஞ்சு பேர் கேட்டீங்க. ரெண்டு வரியில் சொல்ல முடியல. ஏன்னா பாதி பதில் எங்க வீட்டுக் கதை, மீதி பாதி அந்தக் கதைக்கு அப்புறம் நான் உட்கார்ந்து படிச்சது. படிச்சுட்டு வாங்கியிருந்தா கதையே நடந்திருக்காது, அது வேற.

எங்க ஊர் பாலசமுத்திரம். பழனிக்குப் பக்கம். பேருல சமுத்திரம் இருக்கே தவிர கடலுக்கும் எங்களுக்கும் ஸ்நானப் பிராப்தி கூட கிடையாது. அந்தக் காலத்துல பெரிய ஏரிக்கும் சமுத்திரம்னுதான் பேர் வெச்சிருக்காங்க, அம்பாசமுத்திரம் மாதிரி. ஒரு பக்கம் கொடைக்கானல் மலை, பக்கத்துல பாலாறு பொருந்தலாறு அணை, மிச்சமெல்லாம் தென்னையும் மாவும் கொய்யாவும். கடல் மீன்னா எங்களுக்கு ஐஸ் பெட்டியில் வர்றதுதான். அப்படிப்பட்ட ஊர்ல, நான் பன்னண்டாவது படிக்கும்போது, பெரியப்பா பையன் வீட்டு ஹாலில் ஆறடித் தொட்டி வெச்சு அதுல கடல் தண்ணியையே உண்டாக்கினார்.

அண்ணனுக்கு பழனியில் செல்போன் கடை. கை வேலையில் கெட்டிக்காரர். தொட்டி ஆறுக்கு ரெண்டுக்கு ரெண்டு. கணக்குப் போட்டது நான்: 24 கன அடி, கிட்டத்தட்ட 680 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் உப்புன்னா 24 கிலோ. ஆர்.ஓ. தண்ணி பிடிச்சு, பக்கெட் பக்கெட்டா உப்பு கலந்து, ஒன்றரை மாசம் மீனே இல்லாம தண்ணியை ஓடவிட்டு, அம்மோனியா டெஸ்ட் பண்ணி பண்ணிப் பார்த்து, அப்புறம்தான் முதல் மீன் வந்துச்சு. பிக்காசோ ட்ரிகர். உள்ளங்கை அளவு.

இந்த மீனைப் பத்தி தெரியாதவங்களுக்கு: ட்ரிகர் ஃபிஷ்னு கடைக்காரங்க சொல்றது நம்ம கடற்கரையில் கிளாத்தி. ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் ஆளுங்ககிட்ட கேட்டா உடனே சொல்வாங்க. தோல் அவ்வளவு தடிமன், உரிச்சாத்தான் சமைக்க முடியும். உலகத்துல ஏறக்குறைய 40 வகை இருக்கு. முதுகுல முதல் முள் நிமிர்ந்து நின்னா, பின்னாடி இருக்கிற ரெண்டாவது சின்ன முள் அதுக்கு முட்டுக்கொடுத்து லாக் பண்ணிடும். முதல் முள்ளை நீங்க எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது. ரெண்டாவதை லேசா கீழே இறக்கினா முதல் முள் தானா படுத்துடும். துப்பாக்கி விசை மாதிரி. அதனாலதான் ட்ரிகர். மெக்கானிக்கல் பசங்களே, கைனமாடிக்ஸ் லேப்ல இதை மாடலா பண்ணலாம், சும்மா சொல்லல. ராத்திரி ஆனா பாறை இடுக்குல நுழைஞ்சு, முள்ளை நிமிர்த்தி லாக் போட்டுட்டு தூங்கும். எந்தப் பெரிய மீனும் இழுத்து வெளிய எடுக்க முடியாது.

பல் இன்னொரு விஷயம். நண்டு ஓடு, சிப்பி ஓடு எல்லாம் அப்பளம் மாதிரி உடைக்கும். முள்ளு முள்ளா இருக்கிற கடல் மூரையைத் தின்ன, வாயால் தண்ணியைப் பீச்சியடிச்சு அதைக் குப்புறக் கவுத்து, முள் குறைவா இருக்கிற அடிப்பக்கமா கடிக்கும். அவ்வளவு மூளை. அண்ணன் வீட்டு மீன் ஒரே மாசத்துல அண்ணனை அடையாளம் கண்டுக்கிச்சு. அவர் ஹாலுக்குள்ள வந்தா கண்ணாடிக்கு வந்து நிக்கும். நான் வந்தா கண்டுக்காது. தீனி லேட்டானா மேல வந்து நம்ம சட்டையில் தண்ணி துப்பும். கல்லை வாயால் தூக்கி இடம் மாத்தும். பவர்ஹெட் ஒயரைக் கடிச்சுப் பார்த்து அண்ணனுக்கு ஒரு நாள் உயிரே போச்சு.

எட்டு மாசம் அது ராஜா மாதிரி இருந்துச்சு.

அப்புறம்தான் எல்லாரும் ஆரம்பிச்சோம். வீட்டுக்கு வர்ற ஒவ்வொருத்தரும் ஒரே டயலாக்: "ஒத்தையா இருக்கே, பாவம்." அதிகமா சொன்னது நான்தான். அப்போ அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்த நேரம், அதனால் கிண்டல் வேற. "உங்களுக்கு ஒரு ஆள் வருது, அதுக்கும் ஒரு ஆள் பாருங்கண்ணா." தொட்டி ஆறடி, மீன் சாண் அளவுகூட இல்ல, தாராளமா ரெண்டு வாழும்னு கணக்குக் காட்டினதும் நானே. கோயம்புத்தூரில் ஒரு கடைக்குப் போனோம். ஒரே மாதிரி நாலு மீன் தனித்தனிப் பெட்டியில். "பெருசு எல்லாம் ஆம்பளை, சிறுசு பொம்பளை, உங்களுக்குச் சின்னது எடுத்துக்கங்க"ன்னு கடைக்காரர் சொன்னார். நாங்களும் தலையாட்டிட்டு, பாலிதீன் பையை மடியில் வெச்சுக்கிட்டு, பொள்ளாச்சி வழியா பஸ்ஸில் வந்தோம்.

பையைத் தொட்டியில் மிதக்க விட்ட அந்த நிமிஷத்துலயே பழைய மீன் வந்து பையைக் கடிச்சுச்சு. நாங்க சிரிச்சோம். "பொண்ணு பார்க்க வந்துட்டார்"னு அண்ணன் வீடியோ எடுத்தார்.

முதல் ராத்திரி துரத்தல். ரெண்டாம் நாள் துரத்தல். மூணாம் நாள் புதுசோட வால் ஓரம் கிழிஞ்சிருந்துச்சு. "புதுசுல அப்படித்தான் இருக்கும், பழகிடும்"னு பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். "அனுசரிச்சுப் போயிடும்"னு அண்ணனே சொன்னார். நான் யூடியூப் பார்த்துட்டு, பாறையை இடம் மாத்தினா பழைய மீனுக்கு எல்லை மறந்துடும்னு சொன்னேன். மாத்தினோம். ரெண்டு மணி நேரம் குழம்பி நின்னுச்சு. அப்புறம் முழுத் தொட்டியையும் புதுசா தன்னோடதுன்னு எடுத்துக்கிச்சு.

ஒரு வாரம் ஆச்சு. புது மீன் தீனிக்கே வெளிய வர்றதில்ல. ஃபில்டர் குழாய்க்குப் பின்னாடி ஒரு மூலையில், தலை கீழா, நிறம் மங்கி நின்னுட்டே இருக்கும். தொட்டியில் ஆர்வமே இல்லாத பெரியம்மா ஒருநாள் காபி டம்ளரோட வந்து ரொம்ப நேரம் பார்த்துட்டு சொன்னாங்க: "ஜோடியாம் ஜோடி. அடி வாங்கினா ஓடிப்போறதுக்கு ஒரு வழி வெச்சீங்களாடா அதுக்கு?"

அன்னைக்கு சாயந்திரமே பிரிச்சுடலாம்னு முடிவு பண்ணோம். இங்கதான் அந்த ட்ரிகர் மெக்கானிசம் எங்களை அடிச்சுச்சு. வலையை விட்டதும் பயந்து பாறைக்குள்ள நுழைஞ்சு முள்ளை நிமிர்த்திடுச்சு. லாக். இழுத்தா முள் வலையில் சிக்கிக் கிழியும். கையை விட்டு ரெண்டாவது முள்ளைத் தொடலாம்னா அந்த இடுக்குல விரல் போகல. கல்லை ஒவ்வொண்ணா எடுத்தா மேல இருக்கிறது சரிஞ்சு அதுமேலயே விழும். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் பார்த்தோம். காலையில் முழுசா காலி பண்ணி எடுக்கலாம்னு படுத்தோம். காலையில் அது மிதந்துச்சு. வயித்துப் பக்கம் கடி.

ட்ரிகரை வலையில் பிடிக்கக்கூடாது, கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள ஓட்டித்தான் எடுக்கணும்னு நான் தெரிஞ்சுக்கிட்டது அதுக்கு அப்புறம். அதைவிட முக்கியமா ஒண்ணு தெரிஞ்சுது. அது பொண்ணான்னே எங்களுக்குத் தெரியாது. இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

ஏன்னா இந்தக் குடும்பத்துல நிறைய வகைகளில் ஆணையும் பெண்ணையும் வெளித்தோற்றத்தை வெச்சுச் சொல்றது கஷ்டம். பிக்காசோவிலும் அப்படித்தான். பெருசு, சிறுசுங்கிறது வயசாகவும் இருக்கலாம். சில வகைகளில் மட்டும் தெளிவா தெரியும். அண்டுலேட்டட் ட்ரிகர்னு பச்சை உடம்புல ஆரஞ்சுக் கோடு போட்ட ஒண்ணு இருக்கு, அதுல வளர்ந்த ஆணுக்கு மூஞ்சியில் கோடு மறைஞ்சுடும். ஆனா அந்த வகை எவ்வளவு மூர்க்கம்னா, வளர்க்கிறவங்க அதுகூட எந்த மீனையும் விடமாட்டாங்க. ப்ளூ த்ரோட் ட்ரிகரில் ஆணுக்குத் தொண்டையில் நீலம், துடுப்பு ஓரம் மஞ்சள். பெண்ணுக்கு ரெண்டும் இல்லை. ஆக, நம்ம போலில் இருக்கிற "ஆண் ஒண்ணு பெண் ஒண்ணு"ங்கிற வரிக்கு முதல் கேள்வி: எந்த ட்ரிகர்? ஆப்ஷன்ல அது இல்லவே இல்லை. வகை சொல்லாம ஜோடின்னு கேட்டா, கடையில் கிடைக்கப் போறது ரெண்டு மீன், அவ்வளவுதான்.

சரி, நிஜமாவே ஆணும் பெண்ணுமா கிடைச்சுதுன்னே வெச்சுக்குவோம். கடலில் அதுங்க எப்படி வாழுதுங்க?

ஜப்பானில் ஒகினாவா பக்கம் இதே பிக்காசோ ட்ரிகரை ஆராய்ச்சியாளர்கள் கடலுக்குள்ள இறங்கிக் கவனிச்சிருக்காங்க. ஒரு ஆண் பெரிய எல்லை ஒண்ணைப் பிடிச்சு வெச்சிருக்கும். அதுக்குள்ள சில பெண்கள், ஒவ்வொருத்திக்கும் தனி எல்லை. முட்டையிடுற நாளில் ரெண்டும் சேரும். முட்டை அன்னைக்கே, சூரியன் மறைஞ்ச பிறகு பொரிஞ்சுடும். அதுவரைக்கும் காவல் காக்கிறது அம்மா. முடிஞ்சதும் அவரவர் இடத்துக்குத் திரும்பிடும். ஒரே வீட்டில், ஒரே ஹாலில், இருபத்து நாலு மணி நேரமும் முகத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கிற குடித்தனம் அங்க கிடையாது. "ஜோடி"ங்கிற வார்த்தை நம்மளோடது. லவ் பேர்ட்ஸ் கூண்டுல பார்த்ததை, கல்யாணப் பத்திரிகையில் பார்த்ததை, மீன் மேல ஒட்ட வெச்சுட்டோம்.

இதை நம்புறதுக்கு ஒகினாவா வரைக்கும் போக வேண்டாம். எங்க அணைக்கு வாங்க. கோடையில் தண்ணி இறங்கினதும் கரையோரச் சேத்துல சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டம் வட்டமா குழி தெரியும். சின்ன வயசுல நான் அதை மாட்டுக் குளம்புன்னு நினைச்சிருக்கேன். அது ஜிலேபி மீன் தோண்டினது, அதாவது திலேப்பியா. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்க மீன், இப்போ நம்ம ஊர்க் குளத்துல அதுதான் மெஜாரிட்டி. ஆண் குழி தோண்டி உட்கார்ந்திருக்கும். பெண் வரும், முட்டையிடும், முட்டையை வாயில் அள்ளிக்கிட்டு தன் வழியே போயிடும். போயிடும்ங்கிறதுதான் இங்க விஷயம். அதே ஜிலேபியை ஒரு சிமென்ட் தொட்டியில் ஆணும் பெண்ணுமா விட்டுப் பார்த்தவங்களுக்குத் தெரியும், பெண்ணோட துடுப்பு என்ன கதிக்கு ஆகும்னு. மீன் மாறல. போற வழிதான் அடைபட்டுப்போச்சு.

"எட்டடி ப்ரோ"ன்னு சொன்ன நண்பருக்கு இப்போ வர்றேன். எட்டுக்கு ரெண்டரைக்கு ரெண்டரைன்னு குரூப்பில் அளவு போட்டிருந்தாங்க. 50 கன அடி, சுமார் 1400 லிட்டர். தண்ணி மட்டுமே ஒன்றரை டன் பக்கம். கேட்கப் பெருசுதான். ஆனா ட்ரிகர் சண்டை லிட்டருக்காக நடக்கிறதில்லை. தரைக்காகவும் பாறை இடுக்குக்காகவும் நடக்குது. தரைக்கணக்கு எடுங்க: எட்டு பெருக்கல் ரெண்டரை, 20 சதுர அடி. ரெண்டு சதுர மீட்டர்கூட வரல. ஹாஸ்டல் கட்டில் பார்த்திருக்கீங்கல்ல, ஏறக்குறைய அந்தச் சைஸ். பிக்காசோ முழுசா வளர்ந்தா ஒரு அடிக்கு நெருக்கமா போகக்கூடிய மீன். அந்த மாதிரி ரெண்டு, ஒரு கட்டில் மேல. ஒண்ணு இன்னொண்ணைத் துரத்தினா எட்டடி ஓடும், கண்ணாடியில் முட்டும், திரும்பினா துரத்தினது அங்கேயே நிக்கும். ரூம்மேட் கூட சண்டைன்னா நமக்கு மொட்டை மாடி இருக்கு, டீக்கடை இருக்கு, அவுட்பாஸ் போட்டு ஊருக்குப் போகலாம். அதுக்கு என்ன இருக்கு? கடலில் தோத்த மீன் பத்து மீட்டர் தள்ளிப் போனா சண்டை முடிஞ்சுது. தொட்டியில் தோத்த மீன் தோத்துக்கிட்டே இருக்கணும்.

இன்னொரு வாதமும் வந்துச்சு: "குஞ்சு பொரிச்சா காலேஜுக்கே பெருமை." ஆசை நியாயமானது. ஆனா முட்டையிட்ட பெண் ட்ரிகர் எப்படி இருக்கும்னு டைட்டன் ட்ரிகரைக் கேளுங்க. அது 75 சென்டிமீட்டர் வரை வளர்ற பெரிய வகை. கூட்டைக் காக்கிற பெண் டைவர்களையே துரத்திக் கடிக்கும். கூட்டிலிருந்து மேல நோக்கி கூம்பு மாதிரி விரியுற தண்ணி முழுக்க அதோட எல்லை, அதனால் மேல நீந்தித் தப்பிக்கப் பார்க்காதீங்க, பக்கவாட்டில் விலகிப் போங்கன்னு டைவிங் சொல்லிக்கொடுக்கிறவங்க எச்சரிப்பாங்க. தொட்டியில் பக்கவாட்டு ஏது? அந்த நேரத்துல அடி வாங்குறது ஆணா இருக்கும், இல்லேன்னா கண்ணாடி துடைக்கக் கை விட்ட நம்ம கிளப் செக்ரட்டரியா இருப்பார். அப்படியே பொரிஞ்சாலும், கண்ணுக்கே தெரியாத அந்தக் குஞ்சுகள் திறந்த கடலில் மிதந்து வளர்றதுக்காக உண்டானது. ஃபில்டர் முதல் ராத்திரியே வாரிச் சுருட்டிடும்.

எதிர்த்தரப்புக்கும் நியாயமா ஒண்ணு சொல்லணும். ட்ரிகரில் ஆணையும் பெண்ணையும் ஒண்ணா வெச்சு வருஷக்கணக்கில் ஒழுங்கா வளர்க்கிறவங்க இருக்காங்க. பொய் இல்ல. பெரும்பாலும் அது மேல சொன்ன ப்ளூ த்ரோட் வகையா இருக்கும். காரணம் இருக்கு. அது தரையை நம்பி வாழ்ற மீன் இல்லை. பாறைச் சரிவுக்கு மேல, நடுத்தண்ணியில், கூட்டமா நின்னு மிதந்து வர்ற சின்ன உயிரிகளைத் தின்னும். சாப்பாடு தண்ணியோட வருதுன்னா தரைக்கு ஏன் அடிச்சுக்கணும்? நைஜர் ட்ரிகர்னு விக்கிற கறுநீல மீனும் கொஞ்சம் இப்படித்தான். பகலில் கூட்டமா மேயும், ஆபத்துன்னா ஆளுக்கொரு பொந்துல புகுந்து வால் மட்டும் வெளிய தெரிய நிக்கும். அதுலயும் பொந்து தனிப்பொந்துதான், கவனிச்சீங்களா? ஆக, கிளப்பில் யாராவது "நீலத்தொண்டை ஆண் ஒண்ணு, தொண்டையில் நீலம் இல்லாத சின்னப் பெண் ஒண்ணு, பெண்ணை முதலில் விட்டு அது இடம் பிடிச்ச பிறகு ஆணை விடுறோம், அடிச்சுக்கிட்டா அன்னைக்கே பிரிக்க ரெண்டாவது தொட்டி ரெடி"ன்னு எழுதிக் கொடுத்தா, நான் வாயை மூடிக்கிறேன். ரெண்டாவது தொட்டிக்குப் பட்ஜெட் இருக்கான்னு மட்டும் கேட்பேன். இல்லைன்னு எனக்கே தெரியும். ஆறடித் தொட்டி வெச்ச எங்க அண்ணன்கிட்டயும் இல்லை. அந்த ராத்திரி பிடிச்சிருந்தாக்கூட, சமையக்கட்டு அண்டாவில்தான் விட்டிருப்போம்.

ப்ளூ த்ரோட் விலையை விசாரிச்சுட்டு வந்து அப்புறம் பேசுங்க, அது தனி அதிர்ச்சி.

விலையைவிட என்னை உறுத்துறது இன்னொண்ணு. கடையில் நிக்கிற ட்ரிகர் எல்லாமே அநேகமா கடலில் பிடிச்சது. பண்ணையில் பொரிச்சது இல்லை. நம்ம கடல்னு எடுத்தா மன்னார் வளைகுடா, அதுல 21 தீவு, 1986-லிருந்து தேசியப் பூங்கா. தொட்டிக்கு "லைவ் ராக்" வேணும்னு குரூப்பில் ஒருத்தர் ஜாலியா லிஸ்ட் போட்டிருந்தார். பவளப்பாறை 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை. புலி இருக்கிற அதே அட்டவணை. கல்லுதானேன்னு எடுத்துட்டு வர்றவருக்கும் வாங்குறவருக்கும் கேஸ் ஒண்ணுதான். செராமிக் கல் கிடைக்குது, சிமென்டில் நம்மளே வார்க்கலாம், சிவில் டிபார்ட்மென்ட் எதுக்கு இருக்கு?

கடல் மீனே வேண்டாம்னு நான் சொல்லல. ஜோடிதான் பார்க்கணும்னு ஆசையா, அதுக்குன்னே ஒரு மீன் இருக்கு: க்ளவுன் ஃபிஷ், நம்ம நெமோ. மண்டபத்தில் இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துல இதைத் தொட்டியிலேயே பொரிக்க வெச்சு வளர்க்கிற முறையை உண்டாக்கி, ஆளுங்களுக்குப் பயிற்சியும் கொடுத்திருக்காங்க. பண்ணைக் குஞ்சு வாங்கினா கடலில் ஒரு மீன் குறையாது. இதுல ஆண் எது பெண் எதுன்னு கடைக்காரர் சொல்லவே வேண்டாம். ரெண்டு குஞ்சு விட்டா அதுங்களே முடிவு பண்ணிக்கும். பெருசா வளர்றது பெண்ணா மாறிடும், மத்தது ஆணா நிக்கும். பெண் செத்துட்டா ஆண் பெண்ணாயிடும். (நெமோ படத்துல அம்மா செத்த பிறகு அப்பாவுக்கு என்ன ஆகியிருக்கணும்னு யோசிச்சுப் பாருங்க. டிஸ்னி அதைக் காட்டல.) ரெண்டும் ஒரே கடல் சாமந்தியில், ஒரு முழ தூரத்துக்குள்ள வாழ்ந்து பழக்கப்பட்டது. அதுக்கு எட்டடி நிஜமாவே தாராளம்.

இல்ல, ட்ரிகர்தான் வேணும், அந்த மூஞ்சி, அந்தக் கல் தூக்குற சேட்டை, அதுதான் கெத்துன்னா, சரி, ஒண்ணு விடுங்க. ஒத்தையா. "பாவம்"னு சொல்லாதீங்க. அண்ணன் வீட்டுல அந்தப் பழைய மீன் இன்னும் இருக்கு. இப்போ ஒன்றரைச் சாண். அண்ணி வந்த புதுசுல, "ஏங்க, இது மட்டும் ஏன் தனியா இருக்கு"ன்னு கேட்டாங்களாம். அண்ணன் ஒண்ணும் சொல்லல. பெரியம்மாதான், "அது தனியா இல்ல கண்ணு, அது வீட்ல அது இருக்கு"ன்னு சொல்லியிருக்காங்க. இப்போ தினமும் இறால் உரிச்சுப் போடுறது பெரியம்மாதான். போன பொங்கலுக்கு நான் போனப்போ என் சட்டையில் துப்புச்சு. மூணு வருஷம் கழிச்சு என்னைக் கண்டுக்கிச்சுன்னு எடுத்துக்கிட்டேன்.

கிளப் அட்மின்களுக்கு ஒரு வேண்டுகோள். போலில் "ட்ரிகர், ஒண்ணு மட்டும்"னு ஒரு ஆப்ஷனும், "பண்ணையில் பொரிச்ச க்ளவுன் ஃபிஷ், ரெண்டு"ன்னு ஒரு ஆப்ஷனும் சேர்த்துடுங்க. ஏற்கெனவே ஓட்டுப் போட்டவங்க மாத்திக்கலாம், வெள்ளிக்கிழமை ராத்திரி வரைக்கும் டைம் இருக்கு. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பத்து சதவீதம் தண்ணி மாத்தணும்: 140 லிட்டர், அஞ்சு கிலோ உப்பு. கரண்ட் போனா காற்று பம்புக்கு பேட்டரி வேணும், வெயில் காலத்துல சில்லர் வேணும். இதெல்லாம் யார் பண்றதுன்னு போலில் யாருமே கேட்கல. சனிக்கிழமைத் தண்ணி வேலைக்கு என் பேரை முதலில் எழுதிக்கங்க. பக்கெட் தூக்க இன்னும் மூணு பேர் வேணும்.